முன்பின் தெரியாதவரிடம் என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது?

வாசகர் கேள்வி – 2025 பெப்ரவரி 2

சொந்த ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். வயது 24. பதுளையில் வேலை கிடைத்து, ஜனவரியிலிருந்து இங்கே போர்டிங்கில் இருக்கிறேன். யாராவது கேட்டால் பதில் சொல்வேன். நானாகப் போய்ப் பேச்சைத் தொடங்கியதே இல்லை. என்ன சொல்லலாம் என்று யோசித்து, மனதுக்குள் ஒரு வசனத்தைச் செய்து முடிப்பதற்குள் அந்த ஆள் எழுந்து போய்விடுகிறார். யூடியூபில் தேடினால் "உங்கள் கனவு என்ன என்று கேளுங்கள்" என்கிறார்கள். பதுளை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒருவரிடம் போய் அதைக் கேட்க முடியுமா? ரெடிமேடாக நாலு வசனம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெப்ரவரி 2, இரவு

கேட்டுப் பாருங்கள். பண்டாரவளைக்குப் போக நின்றவர் மொனராகலை பஸ்ஸில் ஏறிவிடுவார்.

நாலு வசனம் என்னிடம் இல்லை. ஹட்டனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்கப் புது ஆட்கள்தான். நான் பெரிய பேச்சுக்காரன் கிடையாது. கடை திறந்த புதிதில் "என்னா பிரச்சின?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கு நடுவில் ஏதாவது ஒரு பொருள் கிடந்தால் பேச்சு அதிலிருந்து கிளம்பிவிடும்.

போன வாரம் ஒருவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும். போன் சார்ஜ் ஏறவில்லை, புதுப் பின் போட எவ்வளவு ஆகும் என்றார். முகத்தில் சிரிப்பில்லை. விளக்கைக் கிட்ட இழுத்து வைத்து, ஊசியால் சார்ஜிங் ஓட்டையை மெதுவாகக் கிண்டினேன். பழுப்பு நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள் வெள்ளைத் துணியில் விழுந்தது. சட்டைப்பைப் பஞ்சு என்றால் சாம்பல் நிறமாகச் சுருண்டு வரும். இது அப்படி இல்லை. மூக்குக்குக் கிட்ட கொண்டுபோனேன், தேயிலை. "பெக்டரியில சலிக்கிற பக்கமா வேல?" என்று கேட்டேன். மனிதர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. இராத்திரி வேலை, மூக்கில் கட்டும் துணியையும் தாண்டித் தூள் போவது, மகள் ஏ.எல். எழுதுவது என்று போய்க்கொண்டே இருந்தது. பின் மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுப் போனார்.

வசனத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் தம்பி. உங்களுக்கும் அவருக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

பெப்ரவரி 3

"உங்களுக்குக் கடை இருக்கிறது, உடைந்த போன் இருக்கிறது, அந்தப் பையனுக்கு என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

வராத பஸ் இருக்கிறது. மலையகத்தில் அதற்குக் குறைவே இல்லை. "ஹாலிஎல பஸ் போயிருச்சா அண்ணே?" போனது தெரிந்தாலும் கேட்கலாம். மழை இருக்கிறது, பனி இருக்கிறது, கிளினிக்கில் நம்பர் துண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாங்கு இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே தொல்லையில் மாட்டியிருந்தால் பாதிப் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது.

ஒன்று மட்டும். மழையையும் பஸ்ஸையும் திட்டுங்கள், கொண்டக்டரைத் திட்ட வேண்டாம். அவர் எதிரே நிற்கிறவரின் மச்சானாக இருப்பார். நம் ஊர்கள் அவ்வளவுதான் பெரியவை.

பெப்ரவரி 6

தம்பி நேற்று எழுதியது: "ஆபீஸில் ஒரு அண்ணன் முதல் நாளே 'எந்தத் தோட்டம்?' என்று கேட்டார். அன்றிலிருந்து அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறேன்."

இது நமக்கே உரிய சிக்கல், இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். வேறு இடங்களில் எந்த ஊர் என்று கேட்டு, ஊர்ப் பெயரோடு விட்டுவிடுவார்கள். இங்கே நிற்காது. ஹட்டன் என்றால் ஹட்டனில் எங்கே, டிக்கோயா என்றால் எந்தத் தோட்டம், தோட்டத்தைச் சொன்னால் எந்த டிவிசன், அப்புறம் மேட்டு லயமா பணிய லயமா (தொழிலாளர் வீட்டு வரிசைதான் லயம்), கடைசியில் யாரு மகன். அந்தக் கடைசிக் கேள்வி எதைத் தேடி வருகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் லயத்து வழியாகச் சுற்றி வருகிறார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. லயத்துப் பிள்ளை என்று தெரிந்தவுடன் குரல் மாறுகிற ஆட்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "ஆ... தோட்டமா" என்று ஒரு இழுவை.

கொழும்பு புறக்கோட்டையில் நான் டிஸ்பிளே, பேட்டரி எல்லாம் வாங்குகிற கடையில் ஒரு பையன் வேலை செய்கிறான். யார் கேட்டாலும் "கண்டி" என்பான். வாயைத் திறந்தாலே நம்ம பக்கம் என்று தெரிகிறது. ஒருநாள் வேறொரு வாடிக்கையாளர் "கண்டியில எங்க?" என்று துருவ, ஸ்டாக் பார்க்கிற சாக்கில் உள்ளே போனவன் அவர் போகும்வரை வெளியே வரவில்லை. நான் அவனிடம் அதைக் கேட்டதே இல்லை. பில் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில், எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அங்கே சிக்னல் எடுக்காது, ஒரு கோல் எடுக்க மேட்டு லயத்துக் கோயில் வாசல் வரை ஏற வேண்டும் என்று சும்மா சொல்லிவைத்தேன். "எங்க தோட்டத்துல தண்ணி டாங்கி மேல ஏறணும்ண்ணே" என்றான். தோட்டத்தின் பெயரும் கொஞ்ச நேரத்தில் வந்தது. நான் கேட்கவில்லை.

எனவே முதலில் உங்களுடையதைக் கொடுங்கள். அவருடையது வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

பெப்ரவரி 8

மேலே எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஒரு பெரியவரின் ஞாபகம் வந்துவிட்டது.

பொடி மெனிக்கே ரயிலில் நானுஓயாவிலிருந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுபது தாண்டியவர், தலையில் மஃப்ளர், மடியில் தூக்குச்சட்டி. வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை, எடுத்த எடுப்பில் "எந்தத் தோட்டம் தம்பி?" சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், அவருடைய அக்கா கல்யாணமாகிப் போனது அந்தத் தோட்டத்துக்குத்தானாம். மலையகத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா என்று எழுதப்பட்ட குடும்பங்களில் ஒன்று. கொஞ்ச வருடம் கழித்துத் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். கோத்தகிரிப் பக்கம் இருப்பதாக ஒரு காயிதம் வந்ததோடு சரி. அந்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்ன கணக்கு 525,000 பேர். அதில் ஒருவர் இவருடைய அக்கா. அந்தத் தோட்டத்துக்காரர் யாராவது அகப்பட்டால் விசாரிக்கலாம் என்று, கோச்சியில் எதிரே உட்காருகிற எல்லோரிடமும் அதையேதான் கேட்பாராம்.

அறுபது தாண்டியவர் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தோட்டத்தின் பெயர்தான் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்கிற வழி. உங்கள் வயதுக்காரர் கேட்டால் "பொகவந்தலாவைப் பக்கம், நீங்க?" என்று பந்தை அந்தப் பக்கம் தட்டிவிடலாம். அந்த ஆபீஸ் அண்ணன் எந்த ரகம் என்று தெரியாமலே ஒதுங்குகிறீர்கள். அவரும் யாரையாவது தேடுகிறாரோ என்னவோ.

பெப்ரவரி 10

நேற்று பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் என்று மின்சக்தி அமைச்சரே சொல்லிவிட்டார். என் கடையில் போன்கள் வயிறு திறந்தபடி கிடக்க, ஹீட் கன் அணைந்துவிட்டது. வெளியே வந்தேன். தெருவே வெளியே நின்றது. பார்மசிக்காரர், துணிக்கடைப் பிள்ளைகள், சலூனிலிருந்து பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர்.

பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர் வருடக்கணக்காகத் தலையாட்டலோடு நிற்கிற ஆள். நேற்று அவரே கிட்ட வந்து, "முந்தி ஒரு கொரங்கு வந்து இலங்கைய எரிச்சிச்சு. இது நல்ல கொரங்கு, அணைச்சிட்டுப் போயிருச்சு" என்றார். ரம்பொடையில் அனுமாருக்குக் கோயில் கட்டி வைத்திருக்கிற மாவட்டத்தில் இதற்குச் சிரிக்காமல் என்ன செய்வது? அரை முடிக்காரர் சிரித்த சிரிப்பில் சலூன்காரரும் வெளியே வந்துவிட்டார்.

தம்பி, பதுளையிலும் கரண்ட் போயிருக்கும். போர்டிங்கில் யாரிடமாவது பேசினீர்களா? இப்படி ஒரு வாய்ப்பை ஒரு குரங்கு இனி எப்போது தரப்போகிறது!

பெப்ரவரி 11

இன்று ஒன்றரை மணி நேர வெட்டு. குரங்குப் பகிடியை மறுபடி எடுத்துப் பார்த்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருநாள் சரக்கு அது.

பெப்ரவரி 16

அக்கா மகள் பேராதனையில் படிக்கிறாள். நாம் எழுதுவதைப் படித்துவிட்டு, "மாமா, இதயெல்லாம் ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க" என்று அனுப்பினாள். நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் சிக்காகோவில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு. ரயிலில் போகிறவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். சிலர் தெரியாத ஒருவரோடு பேச வேண்டும், சிலர் பேசாமல் தனியாக இருக்க வேண்டும், மற்றவர்கள் வழக்கம்போல் போகலாம். பேசியவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்திருக்கிறது. ஆனால் எது நன்றாக இருக்கும் என்று வேறு சிலரிடம் முன்கூட்டிக் கேட்டபோது, தனியாக இருப்பதுதான் என்றார்களாம். பிறகு லண்டன் ரயில்களிலும் பார்த்திருக்கிறார்கள், அங்கேயும் ஏறத்தாழ இதே கதை.

நம்ம மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இந்த ஆய்வைச் செய்ய முடியாது. "தனியாக இருங்கள்" என்று யாரிடம் சொல்வது? யாரோ ஒருவரின் பிள்ளை நம் மடியில் தூங்குகிறது. தவிர, சிக்காகோவில் இறால் வடை விற்க வருவதாகத் தெரியவில்லை. நம்ம கோச்சி வடையைப் பழைய கொப்பித் தாளில் சுற்றித் தருவார்கள். ஒருமுறை ஹட்டனில் ஏறி உட்கார்ந்த கையோடு, எதிரே இருந்தவர் எண்ணெய் ஊறிய தாளை விரித்து என் பக்கம் நீட்டினார். ஏதோ ஒரு பிள்ளையின் பின்னக் கணக்கு, சிவப்புப் பேனாவில் பிழை போட்டிருந்தது. "சரியாத்தானே செஞ்சிருக்கு?" என்றார். வட்டவளை தாண்டும்வரை இரண்டு பேரும் அந்தக் கணக்கையே பார்த்தோம். பிள்ளை சரி. டீச்சர்தான் பிழை.

அவள் அனுப்பியதில் இன்னொன்றும் பிடித்தது. மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923இல் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் "இன்று நல்ல நாள்" என்று சொல்வதும், மெலனீசியத் தீவுகளில் "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவாம். பேசாமல் முகத்துக்கு முகம் நிற்கும்போது வரும் சங்கடத்தைக் கலைப்பது. பதில் யாருக்கும் தேவையில்லை. எங்கள் அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவரையெல்லாம் "எங்க, டவுனுக்கா?" என்று கேட்கிறவர். அவரிடம் இதைச் சொன்னேன். "பின்ன, ஆளப் பாத்துட்டுச் சும்மா இருக்கவா?" என்றார்.

பெப்ரவரி 17

என் மனைவி இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "எல்லாம் ஆம்பளைங்க கத" என்றார்.

அவர் சொல்வது இது. பஸ்ஸில் ஒரு பெண் பக்கத்தில் இருக்கும் ஆளிடம் "மழை வரும்போல" என்று சொன்னால், அதை மழை பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ளாத ஆட்கள் இருக்கிறார்கள். எனவே பெண்கள் பேச்சைத் தொடங்கும் முன்பே அதை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆண்களுக்கு அந்தக் கணக்கே தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவருடைய முறை பை. நின்றுகொண்டு போகும்போது, உட்கார்ந்திருக்கிற ஒரு அக்காவிடம் பையைக் கொடுப்பது. நம்ம பஸ்களில் யாரும் மறுக்க மாட்டார்கள், கேட்காமலே கையை நீட்டி வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. பை அவர் மடியில் இருக்கும்போது பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். "கனமா இருக்கே, பிள்ளைங்க கொப்பியா?" என்று அங்கிருந்தே தொடங்கிவிடும். இறங்குகிற இடத்தில் பையை வாங்கினால் பேச்சும் முடிந்தது. தானாகத் தொடங்கி, தானாக முடியும்.

இதைக் கேட்ட பிறகுதான் கவனித்தேன், மஸ்கெலியா பஸ்ஸில் பின்பக்கம் ஆண்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு வர, முன்பக்கத்தில் சந்தை மாதிரி சத்தம்.

பெப்ரவரி 25

தம்பியின் அறிக்கை வந்திருக்கிறது. அறையில் இருப்பவரிடம் "காலையில தண்ணி எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டாராம். "அஞ்சரைக்கு" என்றாராம். முடிந்தது. "நீங்கள் எல்லோரும் சொன்னபடிதான் செய்தேன். என்னை லூசு என்று நினைத்திருப்பார்" என்று எழுதியிருக்கிறார்.

முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டீர்கள். அவர் "அஞ்சரைக்கு" என்று ஒரு நூல் நுனியைக் கொடுத்திருக்கிறார், பிடித்து இழுக்க வேண்டாமா? காலையில் அஞ்சரைக்கு எழும்புகிற ஆளா? எங்கே வேலை? அவ்வளவு சீக்கிரம் பஸ் இருக்கிறதா? இதற்கெல்லாம் திறமை வேண்டாம், அவர் சொன்னது காதில் விழுந்தால் போதும். மனதுக்குள் அடுத்த வசனத்தைச் செய்துகொண்டிருந்தால் விழாது.

மருமகளிடம் இதற்கும் ஒரு ஆய்வு இருந்தது. 2017இல் கேரன் ஹுவாங், அலிசன் வூட் புரூக்ஸ் முதலானோர் ஹார்வர்டில் செய்தது. பேசும்போது கேள்வி கேட்கிறவர்களை, அதிலும் எதிராளி சொன்னதைத் தொட்டு அடுத்த கேள்வி கேட்கிறவர்களை, ஆட்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறதாம். ஜோடி தேடும் சந்திப்புகளிலும் பார்த்திருக்கிறார்கள். அப்படித் தொடர்ந்து கேட்டவர்களுக்குத்தான் இரண்டாவது சந்திப்புக்குச் சம்மதம் அதிகம் கிடைத்திருக்கிறது. தம்பிக்கு 24 வயது, இதைக் குறித்துக்கொள்வார்.

லூசு விசயம். எரிக்கா பூத்பி குழுவினர் 2018இல் பார்த்ததாம், புதிதாகச் சந்தித்துப் பேசியவர்கள் தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அவர் அஞ்சரைக்கு என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார். உங்களைப் பற்றி ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்.

மார்ச் 4

ஒருவர் "பேசத் தெரியாதது தனிப்பட்ட குறை, அதற்கு ஊரை இழுக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தாத்தா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரை வந்தால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர். துரையிடம் நேராக ஒரு வார்த்தை பேச முடியாது. கங்காணியிடம் சொல்ல வேண்டும், கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும், அவர் நல்ல மனநிலையில் இருந்தால் மேலே போகும். கேட்டால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும் என்பது அங்கே ஒழுக்கம். பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார்கள். "பெரியவங்க பேசுற எடத்துல நிக்காத", "சும்மா வாயக் குடுக்காத". அப்பா வங்கிக்குப் போனால், கவுண்டரில் இருக்கும் சின்னப் பெண் நிமிர்ந்து பார்க்கும்வரை பேசாமல் நிற்பார். அப்பாவுக்குப் பின்னால் வரிசை நீளும்.

தம்பியும் கேட்டால் பதில் சொல்வேன், நானாகத் தொடங்க மாட்டேன் என்றுதான் எழுதியிருந்தார். அது பிரட்டுக்களத்துப் பாடம். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு நம் ஆட்கள் வந்தது 1823இல் தொடங்கியதாகச் சொல்லும் கதை, 2023இல் இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தும் வந்துவிட்டோம். இந்தப் பழக்கம் மட்டும் இன்னும் பின்னாலேயே வருகிறது.

அதற்காக எல்லாவற்றையும் துரை தலையில் கட்டவும் முடியாது. அதே லயத்தில் பிறந்த என் அக்கா கல்லையும் பேச வைப்பார்.

மார்ச் 15

பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை ஏறி இறங்கி வந்திருக்கிறேன். கால் இரண்டும் என்னுடையதாக இல்லை, உட்கார்ந்தபடி எழுதுகிறேன்.

தம்பி, பேச்சுப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சீசன். நல்லதண்ணி வழியில் இராத்திரி முழுக்க ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் "கருணாவய்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். சிங்களவர், தமிழர், வெள்ளைக்காரர் என்று இல்லை, யாரும் யாருக்கும் சொல்லலாம், பதிலுக்கும் அதையே சொன்னால் போதும். நீங்கள் கேட்ட ரெடிமேட் வசனம் நாட்டிலேயே அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது கேள்வியும் அங்கே ரெடி. "எத்தனையாவது தடவை?" உச்சியில் மணி இருக்கிறது, எத்தனை தடவை ஏறினீர்களோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். வழியில் தேத்தண்ணிக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்த சிங்கள ஆச்சி ஒருவர் பல் இல்லாத வாயால் முப்பத்திரண்டு என்றார். நான் என் கணக்கைச் சொன்னேன், தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்.

2,243 மீட்டர் உயர உச்சிக்கு ஏறிப் பேசுகிறவர்கள் கீழே ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்ததும் மறுபடி ஊமை. அதே ஆட்கள்தான். மூச்சு வாங்கும்போது கூச்சப்பட நேரம் இல்லையோ என்னவோ.

மார்ச் 16

சிங்களம் பற்றிக் கேட்டிருக்கிறார், பதுளை ஆபீஸில் பாதிப் பேர் சிங்களவர்கள். பிழை வரும் என்று வாயைத் திறப்பதில்லையாம். பிழை வரட்டும். "அதத் வஹினவா" (இன்றைக்கும் மழை) என்று ஜன்னலைக் காட்டிச் சொல்ல இலக்கணம் தேவையில்லை. என் வாடிக்கையாளர்களில் பலர் என் சிங்களத்தைத் திருத்துகிற சந்தோசத்துக்காகவே கூடக் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். பதிலுக்கு நானும் அவர்களுக்கு ஒரு தமிழ் வார்த்தை கொடுப்பேன். "எவ்வளவு", "கூட", "கொறைங்க". கடைசி வார்த்தையை ஏன் சொல்லிக் கொடுத்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

மார்ச் 29

முறை வைத்துக் கூப்பிடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. புது ஆளிடம் முதலில் வரும் வார்த்தை அதுதானே. அண்ணே, அக்கா, தம்பி, ஐயா. இதில் பிழைத்தால் மற்ற வசனம் எல்லாம் வீண்.

நுவரெலியா பஸ்ஸில் ஒரு கொண்டக்டர் பையன், நாற்பது வயதுகூட ஆகாத ஒரு அக்காவைப் பார்த்து "அம்மா, உள்ளுக்குப் போங்கம்மா" என்றான். அவர் திரும்பி, "ஏன் மகனே, எனக்குப் பென்சன் வாங்கிக் குடுக்கப் போறீங்களா?" என்றார். லபுக்கலை வரும்வரை பஸ்ஸில் அதுதான் பேச்சு. பையன் அப்புறம் எல்லோரையும், ஒரு பாட்டியைக்கூட, அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தான். பாட்டிக்கு ரொம்பச் சந்தோசம்.

சந்தேகம் வந்தால் வயதைக் குறைத்துக் கூப்பிடுங்கள், பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றால் டீச்சர், சேர். பார்மசி கவுண்டரில் இருக்கும் பிள்ளையை "தங்கச்சி" என்று கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனதில் வேறு எண்ணம் இருந்தால் வேண்டாம் தம்பி, பிறகு மாற்ற முடியாது.

ஏப்ரல் 7

தம்பி எழுதியிருக்கிறார். அஞ்சரை மணிக்காரர் பேக்கரியில் வேலை செய்கிறாராம், இப்போது காலையில் சூடாகப் பாண் வருகிறது. ஆபீஸ் அண்ணனின் மனைவிக்குச் சொந்த ஊர் பொகவந்தலாவை. அதற்குத்தான் எந்தத் தோட்டம் என்று கேட்டிருக்கிறார். நல்லது. கடைசியாக ஒரு சந்தேகம், பெயரை எப்போது கேட்பது?

அவசரமே இல்லை. நம்ம பக்கம் பெயர் தெரியாமல் வருடக்கணக்காகப் பழகுகிறார்கள். பழைய போனிலிருந்து புதுப் போனுக்கு நம்பர் மாற்றும்போது, எல்லாம் வந்துவிட்டதா என்று வாடிக்கையாளரோடு சேர்ந்து பார்ப்பேன். "கோச்சி அண்ணன்", "கிளினிக் அம்மா", "சாமிமலை பஸ் தம்பி", "மழை அன்னிக்கு குடை தந்தவங்க". பெயர் வைத்த நம்பர்களைவிட இவைதான் அதிகம் இருக்கும்.

சனிக்கிழமை ஒரு அம்மா வந்தார். அவருடைய போனில் "பஸ் அக்கா" என்று மூன்று நம்பர். மாற்றிக் கொடுத்ததும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல கொத்தமல்லிக் கஷாயம் சொல்லிக் குடுத்த அக்கா எது தம்பி?" என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? மூன்று பேருக்கும் எடுத்துப் பாருங்கள் என்றேன். முதல் நம்பரே ஓடாத பஸ் ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கியது. கடை பூட்டுகிற நேரம் வரை என் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்.